நான்கில் ஐந்து லிட்டர்

கடை மேசையில் இரண்டு டப்பாக்கள்.
ஒன்றில் ஐந்து என்று போட்டிருக்கிறது;
பொன்னிற மூடி, பாயும் சிறுத்தை.
மற்றதில் நான்கு.
தூசி, தோள்பட்டையில் ஒரு நசுங்கல்.

"ஐந்து நான்கைவிடப் பெரியதுதானே, ம்மே தகானே,
விலையும் பெரிது" என்கிறான் ரெலெபோஹிலே.
கணக்கில் அவன் புலி.
கியர்பாக்ஸ் கணக்குப் படித்ததில்லை.

மொகோட்லாங்கில் ஜூலை.
குழாய்த் தண்ணீர் குழாயிலேயே கம்பியாய் நிற்கிறது.
நடந்துதான் வந்தேன்.
வழியில் போர்வை போர்த்திய குதிரைக்காரர் இருவர்
எங்கே உன் லேண்ட் குரூசர் என்று கேட்டார்கள்.
குதிரைகள் முகத்தில் அப்படியொரு திருப்தி.

வண்டிக்கு முப்பத்தாறு வயது.
இந்தக் குளிர் முழுக்க, காலையில்
இரண்டாம் கியர் கேட்டால் பதில் இல்லை.
கெஞ்சினால் கர்ரென்று ஒரு பல்லிளிப்பு.
கிளட்சை இருமுறை மிதித்து,
மூச்சைப் பிடித்து,
தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல்
தள்ளினால்தான் விழும்.

போன வருடம் சிறுத்தை டப்பாவைத்தான் ஊற்றினேன்.
ஊற்றிய கை இதுதான். யாரைச் சொல்ல?

நேற்று வடித்தேன்.
முதலில் மேல் திருகு, அப்புறம்தான் கீழ்.
நிரப்பும் வாய் திறக்கிறதா என்று பாராமல்
வடிக்கும் வாயைத் திறந்தவர்
வெறும் வண்டியோடு உட்கார்ந்திருப்பார்.
துருவில் இறுகிக் கிடந்தது மேல் திருகு.
அரை மணி நேரம்,
ஸ்பேனர் வாலில் செருகிய இரும்புக் குழாய்,
பாதிரியார் கேட்கக் கூடாத மூன்று வார்த்தைகள்.

சட்டியில் கருப்பாய் இறங்கியது.
அழுகிய முட்டை நெடி.
வெயில் விழுந்தது,
சட்டி முழுக்கப் பொன்துகள்.

"கிடைச்சிருச்சு!" என்று கத்தினான் தம்பி மொயெகெட்சி.
இருபத்திரண்டு வருடம்
வெல்கோம் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில்
அவன் உடைத்த பாறையின் தங்கம்
ஒரு மூக்குத்தி அளவுகூட வீடு வந்ததில்லை.
"கடைசியில் நம்ம சட்டியில்!"
சிரித்தான், இருமினான்,
இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து சிரித்தான்.

தங்கமில்லை, பித்தளை.
சுற்றுகிற பல்லும் சுற்றாத பல்லும் கூடுமுன்
வேகத்தைச் சமன்செய்து வைக்கும் மெல்லிய வளையங்கள்.
ஐந்தில் இருக்கும் கூடுதல் கந்தகம்
அவற்றைத் தின்று துப்பியிருக்கிறது.
தின்னாத மிச்சத்தை
வழுக்கிக்கொண்டே இருக்க வைத்திருக்கிறது.

எண்ணெய் என்றால் வழுக்க வேண்டும்,
அதிகம் வழுக்கினால் அதிக நல்லது
என்றுதான் நானும் இருந்தேன்.
அந்த வளையத்துக்கோ
ஒரு கண்ணிமைப்பு நேரம் உரசல் வேண்டும்.
பற்ற வேண்டிய இடத்தில் பற்ற விட்டு
விலகி நிற்கத் தெரிய வேண்டும் எண்ணெய்க்கு.

வெள்ளிக்கிழமை பதினொரு மூட்டைக் கம்பளியோடு
சானி கணவாயில் இறங்குகிறேன்.
கொண்டையூசி வளைவுகள், நிழல் பக்கம் பனிக்கட்டி.
பிரேக்கை மட்டும் நம்பியவர்களின் கூண்டுகள்
கீழே புல்லுக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.
அங்கே என்னைப் பிடித்து நிறுத்துவது
இரண்டாம் கியர் ஒன்றுதான்.

"நான்கில் ஐந்து லிட்டர் கொடு."
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுகிறான்.
"ஐந்தில் மூன்று லிட்டர்."
நிமிர்ந்து பார்க்கிறான்.
"அது அச்சுகளுக்கு.
அங்கே பல்லோடு பல் சறுக்கி அரைபடும்,
இந்த முரட்டு எண்ணெய் இல்லாவிட்டால் தாங்காது.
டப்பாமேல் குற்றமில்லை, தம்பி.
நான் ஊற்றிய ஓட்டைதான் தப்பு."

நான்கில் ஐந்து, ஐந்தில் மூன்று...
அடித்து எழுதுகிறான். மறுபடி அடிக்கிறான்.

வீடு திரும்பினால்
பழைய எண்ணெய் ஒரு ஜாம் பாட்டிலில்,
ஜன்னல் விளிம்பில், வெயில் படும்படி.
தெளியட்டும் என்கிறான் மொயெகெட்சி.