விதி நான்கு

முதல் தொகுதியில் வந்தவை பதினான்கு டிராம்கள்.
கடைசி வண்டியின் எண் பதினைந்து.
பாசல் நகரம் மின்சாரத்தை நம்பியது,
பதிமூன்றை நம்பவில்லை.

அந்த வசந்தத்தில் பெண்கள்
பாவாடை நுனியைத் தூக்கித் தண்டவாளம் தாண்டினார்கள்,
நனைந்துவிடும் என்பதுபோல.
விற்றுவிட்ட குதிரைகளின் மணியைக் கழற்றி
ஓட்டுநரின் காலடியில் பூட்டினார்கள்.
பழகிய ஓசைக்குத் தெரு விலகும்.

பயணிக்குக் கண்ணாடிச் சன்னல், செர்ரி மர இருக்கை,
இருட்டினால் ஐந்து விளக்கு.
ஓட்டுநருக்கு வெளியே ஒரு பலகை,
இடுப்புவரை தகரம்,
தகரத்துக்கு மேலே ஜனவரி.
உட்காரக் கூடாது: விதி நான்கு.

ஏழாம் எண் வண்டியில் எமில் ஹுன்சிக்கர்.
பாலத்தில் ரைன் காற்று குறுக்கே அறுக்க,
சட்டைக்குள் செய்தித்தாள் திணித்து நின்றார்.
நேற்றைய தாள்தான். இன்றையது விறைப்பாம்.
முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி கேட்டு
முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள்.
நிர்வாகம் பதில் எழுதியது, நல்ல தாளில்:
கதகதப்பு கவனத்தைக் கெடுக்கும்.

பதினோரு குளிர்காலம்.

கண்ணாடி வந்தபோது
ஹுன்சிக்கரின் இடது காதில்
மேல்விளிம்பு இல்லை.

அப்புறம் போர். உருளைக்கிழங்கு ஏற்றின.
அப்புறம் மோட்டாரைப் பிடுங்க, வேறு வண்டிகளின்
பின்னால் இழுபட்டன. உப்பு தூவின.
ஒன்பது அடுப்புக்குப் போனது. பதினைந்து எங்கே போனது,
பதிவேட்டில் மை கலைந்திருக்கிறது.
ஏழு, முட்டென்ஸில் ஒரு தோட்டத்தில்
நாற்பது வருடம் கோழிக்கூடு.

ஏழை இழுத்து வந்தார்கள் எங்கள் பட்டறைக்கு.
தமிழில் சொல்லிப் பார்த்து நான் மட்டும் சிரித்தேன்.

எச்சத்தைச் சுரண்டினேன், மூன்று நாள்.
நான்காம் நாள் முன்தளப் பலகையில்
இரண்டு பள்ளம்.
இடது ஆழம். வலது சற்று முன்னே,
மணிமிதியை நோக்கித் திரும்பி.
என் பூட்ஸை வைத்துப் பார்த்தேன்; பொருந்தவில்லை.
இது ஒருவர் கால் அல்ல.
வேலை மாறி வேலை மாறி எத்தனையோ பேர்
ஒரே இடத்தில் உட்காராமல் இருந்திருக்கிறார்கள்.

புது ஓக் பலகை அளவெடுத்துத் தயார்,
பார்வையாளர் இடறுவார்கள் என்றார் திருமதி லிண்டர்.
அவர் சொல்வதும் சரிதான்.
படிவத்தில் எழுதினேன்:
மரம் உறுதி. தேய்மானம் ஏற்கத்தக்கது. மாற்ற வேண்டாம்.
கையெழுத்து ஒன்றுதான், என்னுடையது.
பதில் இன்னும் வரவில்லை.

மணிக்கு எண்ணெய் விட்டு
ஒருமுறை மிதித்துப் பார்த்தேன்.
வாசலில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்த
பார்சல்காரர்
திரும்பிப் பார்க்காமலே
ஓரடி ஒதுங்கினார்.