புழுக்கம்

பள்ளி கொடுத்தனுப்பிய மஞ்சள் தாளில்
நாலாவது வரி:
உங்களுக்கும் குழந்தைக்கும் மட்டும் தெரிந்த
ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.
யார் வந்து கூப்பிட்டாலும்
அதைச் சொன்னால்தான் அவர்களோடு போக வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேடினோம்.
பூனையின் பெயர் வேண்டாம், தெருவுக்கே தெரியும்.
இட்லி என்றாள்.
இட்லியை இப்போது உறையவைத்துக் கடையில் விற்கிறார்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டு
நறுமுகை என் காதருகே வந்தாள்:
புழுக்கம்.

போன மே மாதம் திருச்சியில்
விமானப் படியில் கால் வைத்ததும்
நான் சொன்ன முதல் சொல்லாம் அது.
எனக்கு நினைவில்லை.
எட்மண்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
இந்த ஊரில் யாருக்கும் தேவைப்படாத சொல்,
அதனாலேயே பத்திரம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.
எட்டு வயதுக்கு
எல்லோரையும் நம்பாதே என்பதை
எத்தனை கிராம் கொடுப்பது?
கூடினால் பயம்.
குறைந்தால்,
அதை நினைக்க மனம் வரவில்லை.
எழுந்து போய் அவள் அறையை எட்டிப் பார்த்தேன்.
ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
ஹென்டே நெடுஞ்சாலையில் லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து
என் கார் பனியில் நின்றது நின்றதுதான்.
மனைவி ஆபரேஷன் தியேட்டரில், அவள் போன் லாக்கரில்.
பக்கத்து வீட்டு ஹாலினாவை அழைத்துச்
சொல்லைச் சொன்னேன்.
புலுக்கம், என்றார்.
நாக்கைக் கொஞ்சம் மடியுங்கள்.
புருக்கம்.
இன்னும் உள்ளே.
வைப்பர் ஓட ஓட
சாவிக்கு அரம் போடுவதுபோல்
எட்டு நிமிடம் அந்த ஓர் எழுத்தைத் தேய்த்தோம்.

நாலு மணிக்குப் பள்ளி அலுவலகத்திலிருந்து போன்.
உங்கள் மகள் கிளம்ப மறுக்கிறாள்.
அந்த அம்மாவைத் தெரியுமாம்,
அவர் வீட்டுத் தேன் கேக் ரொம்பப் பிடிக்குமாம்.
ஆனாலும் மாட்டேன் என்கிறாள்.

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.
அப்பா, அவங்க தப்பா சொல்றாங்க.
ஆன்ட்டிக்கு அந்த ழ வராதுடா.
எனக்கும்தான் முதல்ல வரலை. நீங்க விட்டீங்களா?

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.
அப்புறம் கார்க் கண்ணாடியை இறக்கிக்
கொஞ்சம் குளிர் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.
போனில் ஹாலினாவின் குரல், முழு மூச்சோடு:
புழ்ழ்ழுக்கம்.
மௌனம்.
சரி, கோட் போட்டுக்கறேன்.

இப்போது பத்து வயது.
அந்தச் சொல்லை நாங்கள் இருவரும்
மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு,
தோழி வீட்டில் தங்கப் போனவள் அழைத்தாள்.
நல்லாத்தான் இருக்கேன்பா.
படம் பாத்தோம். பாப்கார்ன் சாப்பிட்டோம்.
குரலில் ஒரு குறையும் இல்லை.
பின்னால் பெரியவர்கள் யாரோ உரக்கச் சிரித்தார்கள்.
இங்க கொஞ்சம் புழுக்கமா இருக்குப்பா.

வெளியே மைனஸ் இருபத்தேழு.
நான் செருப்போடு ஓடினேன்.
கதவைத் திறந்தவரிடம்
அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று
கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.
தலையணையை அணைத்தபடி
அவள் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள்.

காரில் நான் எதுவும் கேட்கவில்லை.
கேள்விகள் பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றன.
நூற்றேழாம் அவென்யூ சிக்னலில்
ஆளில்லாத தெருவுக்காகச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

நாளைக்குச் சொல்லட்டுமா?
நாளைக்குச் சொல்லு.
நான் கூப்பிட்டது சரிதானே?
சரி.

பச்சை விழுந்தது.
அவள் கையை நீட்டி
ஹீட்டரைக் கூட்டி வைத்தாள்.