நானூற்றுப் பதினொரு மூடு

ஓணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கையில்
அருமனைக்கு மேற்கே எங்கள் பாட்ட நிலத்தில்
அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனது காற்று.

நான் எண்ணினேன்.
நானூற்றுப் பதினொரு மூடு ஏத்தன்.
முட்டுக் கம்போடு சாய்ந்தவை தனி,
நடுவில் ஒடிந்தவை தனி,
பையனின் கணக்கு நோட்டில் கோடு போட்டு.
திரும்ப எண்ணினால் நானூற்று ஒன்பது.
அந்த இரண்டைத் தேடிச்
சேற்றில் இன்னொரு நடை.

கொழுந்தன் ஜெபசிங்குக்கு வாய்தான் குடை.
வயலில் நின்றே சொசைட்டிக்கு போன் போட்டான்:
"சாரே, வாழையெல்லாம் நல்ல ஒறக்கம்.
எழும்பினா தவணை கெட்டுகேன்."
அந்தப் பக்கம் சிரித்தார்களாம்.
ராத்திரி அவன் சோற்றில் கை வைக்கவில்லை.
மறுநாள் சந்தையில்
அதையும் ஒரு கதையாக்கிச் சொன்னான்.

நாத்தனார் லில்லி பாய்
கர்த்தரிடம் கொஞ்ச நேரம்
இன்சூரன்ஸ் ஆபீசில் கொஞ்ச நேரம்
ஒரே குரலில் சண்டை போட்டாள்.
பிறகு கத்தியை எடுத்து
விளையாத காய்களைச் சீவிச் சீவி
எண்ணெய்ச் சட்டியில் போட்டாள்.
தின்ன ஆளில்லை.
நடுச்சாமம்வரை அடுப்பு அணையவில்லை.

இவர் மட்டும்
கால் கழுவினார், கஞ்சி குடித்தார்,
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.
குறட்டை.

பதினாறு வருசமாக எனக்கு ஆகாதது இதுதான்.
பிள்ளைக்கு டெங்கு வந்து
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும்
பெஞ்சுக்கு அடியில் பேப்பர் விரித்துத் தூங்கினவர்.
"உமக்கு நெஞ்சுக்குள்ள கருங்கல்லா வச்சிருக்கு?"
"நான் முழிச்சா வாழ நிமிருமா பிள்ளே?"
சொல்லி முடிக்குமுன் மறுபடியும் குறட்டை.

விடியக்காலம்
நோட்டைத் தேடி விளக்கைப் போட்டேன்.
போர்வை ஓரமெல்லாம் முடிச்சு.
முட்டோடு வாழையைச் சேர்த்துக் கட்டுவாரே,
இரண்டு சுற்று, ஒரு இழுப்பு,
அதே முடிச்சு.
கண் மூடித்தான் இருந்தது.
விரல்கள் அடுத்த நுனியைத் துழாவிக்கொண்டிருந்தன.

அவிழ்க்கப் பார்த்தேன்.
இவர் கட்டினது அவ்வளவு லேசில் அவிழாது.
மிச்சமிருந்த நுனியை
அந்தக் கைக்குள் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.
முடிச்சுகளை மட்டும் எண்ணவில்லை.

பத்து மணிக்கு வந்த ஆபீசர்
வரப்பில் ஷூவைத் தேய்த்தபடி கேட்டார்,
"மொத்தம் எத்தனை மூடு?"
நான் நோட்டைத் திறக்குமுன்
பல்குச்சியோடு இவர் சொன்னார்:
"நானூற்றுப் பத்துன்னு எழுதும்.
ஒண்ணைக் காலையில நிமித்திக் கெட்டியாச்சு."