விடாத அம்புகள்

உலான்-உதேயில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எங்கள் நடைவழி ஏழு தப்படி நீளம்;
காலணி அடுக்கை நகர்த்தினால் எட்டு.

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து
நக இடுக்கில் மாவோடு வந்து
சமையலறை நிலைக்கதவில் முன்கைகளை ஊன்றி
நெஞ்சைத் திறக்கிறேன்.
இருபது எண்ணுவதற்குள்
தட்டு தூக்கிய பன்னிரண்டு மணி நேரமும்
கழுத்தடியில் நெறிபடுகிறது.
வலக்கையை மார்புக்குக் குறுக்கே இழுத்தாயிற்று,
இடக்கையும்.
சுவரில் முதுகை ஒட்டிக் கைகளை மேலே வழுக்க வேண்டும்.
மணிக்கட்டு சுவரை விட்டு விலகக் கூடாது.
விலகுகிறது.
மறுபடி.

வெந்நீர்க் குழாயில் முடிந்த ரப்பர் பட்டை,
மஞ்சள், மருந்துக்கடைச் சரக்கு.
இழுப்பது கை அல்ல என்பது
என் கைக்கு இன்னும் தெரியாது.
தோள்பட்டை எலும்புகள் இரண்டும்
ஒன்றையொன்று தேடிப் போகவேண்டும்,
நடுவில் ஒரு பைன் கொட்டை இருப்பதாகவும்
அதை நசுக்குவதாகவும்.
முப்பது முறை நசுக்குகிறேன்.
முப்பது முறையும் கொட்டை தப்பிவிடுகிறது.

போன ஜூலையில் சுர்ஹார்பான் திருவிழா.
புல்லில் வரிசையாய் நிறுத்திய உருளைகள்,
நடுவில் ஒன்று சிவப்பு.
சிவப்பு கண்ணில் பட்டதுதான் தாமதம்,
விரல்கள் என்னைக் கேளாமல் திறந்தன.
நாண் தாடையைத் தொடவேயில்லை.
அம்பு புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
அடுத்ததும்.
அதற்கடுத்ததும்.
இறகு சரியில்லை என்றான் மைத்துனன் ஜார்கால்.
நல்ல மனசு அவனுக்கு.
எய்தவள் முன்னால் நிற்கிறேன்,
அம்பை நோக என்ன இருக்கிறது?

அதனால் இந்தக் குளிர்காலத்தில்
குறி என்பதே கிடையாது.
நடைவழிக் கடைசியில் பழைய கோட்டுகள் திணித்த மூட்டை,
அதிலிருந்து மூன்று தப்படி,
மூடிய கண்.
நாற்பது அம்பு.
எங்கே தைத்தது என்று பார்ப்பதில்லை,
எப்படிப் போனது என்பதோடு சரி.
சில நாள் விரலுக்கே தெரியாமல் நாண் நழுவும்,
ஊதினால் பாலாடை விலகுவதுபோல.
மற்ற நாளெல்லாம் வெடுக்கென்ற பிடுங்கல்தான்.

நேற்று மூட்டையில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டினேன்,
மகள் பள்ளிக்கு வெட்டியதில் மிச்சம்.
கண்ணைத் திறந்துகொண்டு
அம்பைக் கோத்து, முழுசாக இழுத்து,
சிவப்பின் நடுவில் நிறுத்தி,
எண்ணி,
விடாமல்
இறக்கவேண்டும்.
நான்கில் நடுக்கம்.
ஆறில் முழங்கை பழைய கணக்கையெல்லாம் எடுக்கும்.
எட்டில் கடைவாய்ப் பல்.
விடு விடு என்று கெஞ்சும் விரல்களுக்கு
இல்லை என்று சொல்ல
இத்தனை வயதில் இப்போதுதான் பழகுகிறேன்.

கதவு தட்டும் சத்தம்.
கீழ்வீட்டு ரிம்மா அர்காதியெவ்னா,
கம்பளிச் செருப்பு, நெற்றியில் கண்ணாடி.
சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று
மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.
"தினம் நாற்பது தடவை தொப் என்று கேட்கும்" என்றார்,
"முந்தாநாள் முப்பத்தெட்டு.
இன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.
விழுந்து கிடக்கிறாயோ என்று பயந்துவிட்டேன்."

காலணி அடுக்கின்மேல் உட்கார்ந்து
அவரே எண்ணினார், சத்தமாக, ரஷ்ய மொழியில்,
ரயில்வே ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த குரல்.
ஒன்பது.
பத்து.
பதினொன்றில் நாண் மெல்லத் திரும்பி வந்தது,
அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான்.

போகும்போது மஞ்சள் பட்டையை இரவல் கேட்டார்,
அவருக்கும் தோள் பிடித்துக்கொண்டிருக்கிறதாம்.
இன்று வியாழன், இன்னும் திரும்பி வரவில்லை.
வெறும் குழாயில் நெற்றியைச் சாய்த்து நிற்கிறேன்.
சூடு.
உள்ளே எங்கோ, கீழே,
பதினேழு என்கிறார்,
ஏதோ திட்டுகிறார்,
மறுபடி ஒன்றிலிருந்து.