மூன்றாம் அத்தியாயத்துக்கு ஒரு பதில்

வோக்லேர் அவர்களே,
உங்கள் கதாநாயகன் சுடும் பக்கத்தைக்
கொட்டகையில் நின்றபடியே படித்தேன்.
ஒரு கையில் மின்காந்தத் துப்பாக்கி,
நூறு குண்டு, சத்தமே இல்லை,
தோளில் மயிரிழை அதிர்வும் இல்லை.
எனக்குத்தான் தோள் வலித்தது.

எங்களுடையது ஆறு மீட்டர்.
நகராது, கான்கிரீட்டில் வேர்விட்டது.
இரண்டு செம்புத் தண்டவாளங்கள்,
நடுவில் ஓர் அலுமினியத் துண்டு,
என் உள்ளங்கையில் அடங்கும்.
ஒன்றின் வழியே போன மின்சாரம்
துண்டைக் கடந்து
மற்றொன்றின் வழியே திரும்புகிறது.
அவ்வளவுதான் இயந்திரம்.
போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் இடையே
காந்தப்புலம் நெருக்கியடிக்கிறது.
திறந்த கதவு ஒன்றுதான், அது முன்னால்.
துண்டு பறக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்டது இது:
எதிரெதிராய் ஓடும் மின்சாரம்
ஒன்றையொன்று பொறுக்காது.
குண்டைத் தள்ளும் அதே விசை
தண்டவாளங்களையும் பிடித்துத் தள்ளும்.
ஒவ்வொரு முறையும் இந்தத் துப்பாக்கி
முதலில் தன்னைத்தான் கிழித்துக்கொள்ளப் பார்க்கிறது.
ரைன் பாலத்தில் சைக்கிளில் வரும் டீட்ஹெல்ம்
விடியற்காலை முறுக்கும் நாற்பது போல்ட்டுகளும்
அதனிடம் "வேண்டாம்" என்று சொல்வதற்கே.

சத்தமில்லை என்கிறீர்கள்.
கூரையில் கூடு கட்டிய நாரைகளைக் கேளுங்கள்.
மார்ச்சில் வந்தன,
முதல் சோதனைக்கு மறுநாள்
தேவாலயக் கோபுரத்துக்குக் குடிபோய்விட்டன.
குழல்வாயில் தீயும் உண்டு.
வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை,
உருகிய உலோகமே எரிகிறது.

சுட்ட பிறகு என் முறை.
விளக்கைப் பிடித்துக்கொண்டு
செம்பின்மேல் நகத்தை ஓட்டுவேன்.
அலுமினியம் படிந்திருக்கும்,
நத்தை ஊர்ந்த தடம் மாதிரி.
குண்டு பாய்ந்தோடும் முனையில் கீறல்தான்.
இன்னும் வேகம் பிடிக்காமல்
தயங்கி நின்ற தொடக்கத்தில்தான்
பள்ளம், ஆழம், கருகல்.
மில்லிமீட்டரில் குறித்துக்கொள்கிறேன்.
இலக்குக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை.
அது வேறு துறை.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா?
ஒரு முறை சுட நாங்கள் சேர்த்துவைக்கும் ஆற்றலில்
என் அடுப்பில் இரண்டு கூகல்ஹொப்ஃப் கேக் வேகும்,
பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக,
வீடெல்லாம் பாதாம் மணக்க.
அதையே சில மில்லிநொடியில் செலவழித்தால்
இரும்புத் தகடு கிழியும்.
ஆற்றல் அதேதான்.
அவசரம்தான் ஆயுதம்.

நூறு குண்டு வேண்டுமென்றால்
உங்கள் ஆள் முதுகில்
மாற்றுத் தண்டவாளங்களைக் கட்டிக்கொள்ளட்டும்,
மின்தேக்கிகள் நிறைந்த ஒரு கொட்டகையையும்.
அல்லது இப்படிச் செய்யுங்கள்.
அந்தத் தேக்கிகள் நிரம்ப
எங்களுக்கு நான்கு நிமிடம் ஆகும்.
சிவப்பு விளக்கு எரியும், யாரும் பேசமாட்டோம்.
நேற்று அந்த நேரத்தில் டீட்ஹெல்ம்
அவித்த முட்டை ஒன்றை உரித்தார்.
ஓடு ஒரே துண்டாய்க் கழன்று வந்தது.
ஆறு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
உங்கள் நாயகனுக்கும் அந்த நான்கு நிமிடத்தைக் கொடுங்கள்,
எதிரே நிற்பவன் பார்த்துக்கொண்டிருக்க.
பிறகு அவன் சுடுகிறானா
என்று எனக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒடில் ருஃபெனாக்,
தண்டவாளம் அளப்பவள்.

பின்குறிப்பு:
நூற்றுப் பதினாறாம் பக்கத்தில்
அதே துப்பாக்கி லேசராகிவிடுகிறது.
அது பக்கத்துக் கொட்டகை.