பனிக்கயிறு

ஐந்து மணிக்கு முன்னால்
ஆளுக்கொரு முனை பிடிக்கிறோம், நானும் துளசிங்கமும்.
பழைய ரப்பர் குழாய், எழுபது அடி.
நாலாம் ஃபேர்வேயின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத்
தரையோடு தேய்த்துக்கொண்டு நடக்கவேண்டும்.
பனி உதிரும். அவ்வளவுதான் வேலை.
"புல்லுக்குப் பல் தேய்த்து விடுறோம்" என்பான்.
வெயில் வருவதற்குள் பதினோரு ஏக்கர்,
சிரித்தால் மூச்சு வாங்கும்.

கார்த்திகை மழை விட்டு ஒன்பதாம் நாள்
முதலில் பார்த்தவள் நான்.
இலை நுனியில் சிலந்தி கட்டியதுபோல் வெள்ளை நூல்,
அடியில் வைக்கோல் நிறத்தில்
ஐந்து ரூபாய் வில்லையளவு வட்டம்.
மறுநாள் நாற்பத்தொன்று.
யாரோ ராத்திரி சில்லறையைச் சிதறவிட்டதுபோல.

"காயுது, தண்ணி காட்டு" என்றார் ஜெயசீலன் சார்.
மாலை ஆறானால் ஐந்து நிமிடம் தூவல் சுற்றும்.
வள்ளிமலை ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.
இலை விடியவிடிய நனைந்தே கிடந்தது.
வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டன.
ராணிப்பேட்டையிலிருந்து ஆட வருகிற தோல் கம்பெனிக்காரர்கள் இருவர்
பட்ட இடத்தில் நின்ற பந்தை நகர்த்தலாமா கூடாதா என்று
அரை மணி நேரம் சண்டை.

நீளத் திருப்புளியை மண்ணில் குத்தினேன்.
இரண்டு விரல்கடை இறங்கி, நின்றுவிட்டது.
மேலே சேறு, கீழே செங்கல்.
வேருக்குத் தாகம், இலைக்குச் சளி.

கழிஞ்சூரில் எங்கள் தெருவுக்கு
எட்டு நாளைக்கொருமுறை குழாய் வரும்.
அண்டா, குடம், தம்ளர்வரை பிடித்துவைப்போம்.
அந்த வாயால்
தண்ணீரை நிறுத்துங்கள் என்று சொல்ல
மூன்று நாள் ஆயிற்று எனக்கு.
சொல்லவும் இல்லை.
நாலாம் வால்வின் கைப்பிடியைக் கழற்றி
சோற்றுத் தூக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் கத்தினார். பதினெட்டாயிரத்துக்கு
மருந்து வாங்கியாச்சு, தெரியுமா உனக்கு?
தெரியும் சார். அடிங்க.
ஆனா தினம் ஒரு வாய் ஊட்டாதீங்க.
வாரம் ரெண்டு நாள், விடிகாலை மூணு மணிக்கு,
வயிறு முட்டக் கொடுங்க.
பகலெல்லாம் காயட்டும்.

என்ன நினைத்தாரோ,
அடுத்த புதன் ஷூ நனைய வந்து நின்றார்.
துளசிங்கத்தின் முனையை வாங்கி முப்பதடி இழுத்துப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. துளசிங்கம் பீடி பற்றவைத்தான்.

நேற்று எண்ணினேன். பத்தொன்பது.
அதில் மூன்று புதுசு,
காற்று நுழையாத புங்க மரத்தடியில்.
இரண்டு கிளை வெட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
பதில் இல்லை.

காட்பாடியில் ரயில் ஊதுகிறது.
இன்று குழாய் வரும் நாள்.
கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு
ஓடுகிறேன், முழங்கால்வரை ஈரப் புடவை காலில் தடுக்க.
தெருமுனையில் நின்று கொசுவத்தைப் பிழிந்தேன்.
ஒரு தம்ளர் தேறும்.