தாமதக் கட்டணம்

நாற்பத்தொரு விண்ணப்பம்.
நாற்பத்தொன்றிலும் ஆண்டு வருமானம்
எழுபத்திரண்டாயிரம்.
காங்கயம் தாலுகா ஆபீசில்
ஏழைக்கென்று இருப்பது
இந்த ஒரே எண்தான் போலிருக்கிறது.
கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்கும் அதே தொகை.
அந்த மண்டபத்தில் எச்சில் இலை எடுப்பவருக்கும்.
மூலையில் அந்தச் சதுரப் புள்ளிக் கோலம்:
போனைக் காட்டினால்
இரண்டுமே உண்மை என்கிறது.

சனிக்கிழமை, தாளாளர் அறை.
கட்டணச் சலுகை பன்னிரண்டு பேருக்கு.
நான் கணக்கர். எனக்கு ஓட்டு இல்லை,
கோப்பை எடுத்து நீட்டலாம்.

குழந்தைவேலுக்கு ஆறு ஏக்கர்.
"பூமி இருக்குதுங்களே" என்றார் ஒருத்தர்,
கோப்பு மூடிக்கொண்டது.
ஆயிரத்து நூறடி ஓட்டியும்
புழுதி மட்டுமே கக்கிய குழாயை எழுத
விண்ணப்பத்தில் கட்டமில்லை.

பத்மலோசனியின் புருஷன்
ஊத்துக்குளியில் வேறு வீடு பார்த்துக்கொண்டான்.
அவன் சம்பளமோ இன்னும் இவள் கணக்கில்.
கண்ணால் பார்க்காத காசில்
அவள் வசதியானவள்.

நாலு கடிதங்களில் ஒரே கண்ணீர்,
நோயின் பெயர் மட்டும் வேறு.
பஸ் ஸ்டாண்டு எதிரே கம்ப்யூட்டர் கடையில்
முந்நூறு ரூபாய்க்கு அடித்துத் தருகிறார்களாம்.

"மார்க்கப் பாத்துக் குடுத்தர்லாமுங்க."
"அப்ப அது பரிசுங்க, உதவியில்லீங்க"
என்றார் அறிவியல் டீச்சர் கனகமணி.
அவர்தான் சஸ்மிதாவுக்காக மல்லுக்கு நின்றவர்.
அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒடிசாக்காரர் மகள்,
'என்னுங் டீச்சர்' என்று
எங்களைவிட அழகாய் இழுப்பாள்.
சான்றிதழ் வாங்க வழியில்லை.
அதனால் அவள் வறுமை
இந்தத் தாலுகாவில் செல்லாது.

"நிதி எவ்வளவும்மா இருக்குது?"

பேரேட்டைப் பிரித்தேன்.
நிறுவனர் குடும்பம், ஒரு லட்சம்.
பழைய மாணவர்கள், முப்பத்திரண்டாயிரம்.
மீதி இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்
எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
அதற்குத் தேங்காய் வாசம்.

சாந்தாமணி, பருப்புக் களத்துக் கூலி.
மாதாமாதம் பத்தாம் தேதி கெடு,
இருபது தாண்டித்தான் வருவாள்.
பத்தும் இருபதுமாய்ச் சுருட்டிய நோட்டுகள்
என் விரலில் எண்ணெய் ஏற்றிவிட்டுப் போகும்.
நாளுக்குப் பத்து ரூபாய் அபராதம்.
அந்த அபராதம், அவளைப் போன்றவர்களின் அபராதம்,
போய்ச் சேரும் கணக்கின் பெயர்
சலுகை நிதி.

போன மாதம் ஜன்னல் ஓட்டை வழியே
ஒரு விண்ணப்பத்தைத் தள்ளினேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்,
மடிக்காமல் திருப்பித் தந்தாள்:
"இல்லாதவீங்களுக்குக் குடுங்க மேடம்.
நமக்குக் கை காலு இருக்குதல்ல."

மூன்று வருஷமாய் அதைத்தான் செய்கிறாள்,
அவளுக்கே தெரியாமல்.

அறையில் இதைச் சொல்லிவிட்டேன்.
ஓட்டில்லாதவள் பேசியதில்
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"கட்டீர்றாங்கல்ல? முடியறதுனாலதான கட்டறாங்க"
என்றார் தாளாளர்.
கோபமாகக்கூட இல்லை.
அதற்குள் டீ வந்தது.

பன்னிரண்டு பெயர்கள் முடிவாயின.
சஸ்மிதா உண்டு.
ஆண்டு விழாவுக்கு மண்டபம் சும்மா தருகிறவரின்
மகனும் உண்டு.
பத்மலோசனியை அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.
தீர்மானத்தில் 'ஒருமனதாக' என்று
நான்தான் தட்டச்சு செய்தேன்.

திங்கள், இருபத்துமூன்றாம் தேதி.
மதியச் சோத்து நேரத்தில் சாந்தாமணி.
திரையில் அபராதம் நூற்றிமுப்பது.
தேதியைப் பத்தாக்கிவிட்டால்
திரையும் ஏற்றுக்கொள்ளும்.
விரல் அங்கே போய் நின்றது.
நின்றதை நேர்மை என்பதா பயம் என்பதா,
இன்னும் தெரியவில்லை.

அதற்குள் முந்தானை முடிச்சை அவிழ்த்து
தனியே மடித்து வைத்திருந்ததை நீட்டினாள்,
"பைனுங்க. எண்ணிப் பாத்துக்குங்க."

எண்ணினேன்.
சரியாக இருந்தது.